பதிவுத் தபால் துண்டு

என் மனைவி எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன். கலியாணத்துக்குப் பிறகுதான் அவள் வீட்டில் இருந்தபடியே படித்துப் பட்டம் எடுத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. நான் அதிகம் கதைக்க மாட்டேன். துறையில் யாராவது கூப்பிட்டால்கூட கையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக் கவலைகளை அவளிடம்தான் வந்து சொல்லுவார்கள். அந்த வேலையை ஒழுங்காகப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று உளவளத்துணையில், பட்டத்துக்கு மேல், முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தாள். வகுப்பு யாழ்ப்பாணத்தில், சனியும் ஞாயிறும். முதல் தடவை விண்ணப்பத்தை என்னிடம் தந்து, மீன் கொண்டுபோகும்போது ஊர்காவற்றுறையில் பதிவுத் தபாலில் போடச் சொன்னாள். திரும்பி வந்ததும், பதிவு செய்ததற்குத் தபால் கந்தோரில் தரும் துண்டைக் கேட்டாள். வள்ளத்தில் நனைந்து கிழிந்துபோய்விட்டது என்றேன். பிறகு பதிலே வரவில்லை. தன்னை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அடுத்த வருடம் மறுபடியும் படிவம் எடுத்தாள். இந்த முறை புதிதாக ஒன்று கேட்டிருந்தார்கள். ஒருவரை இருபது நிமிடம் கதைக்கவிட்டு, குறுக்கிடாமல், சரி பிழை சொல்லாமல் கேட்டு, அதைப் பற்றி எழுத வேண்டும். கதைத்தவரின் பெயர் எழுதக்கூடாது. ஆனால் அவருக்குச் சம்மதம் என்று தனித்தாளில் கையெழுத்து வேண்டும்.

தீவில் ஆள் பிடிப்பது சுலபமாக இல்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டாள்.

"ரீச்சர், நான் சொல்லுவன். ஆனா உங்கட வீட்டை இருபது நிமிசம் இருந்தா, ஏன் போனனீ எண்டு பின்னேரம் முழுத் தீவும் கேக்கும். அதுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

கடைசித் திகதிக்குப் பத்து நாள் இருந்தபோது என்னிடம் வந்தாள். "என்னப்பா, நீங்கள் இருங்கோவன். வீட்டு ஆள் கூடாதெண்டு படிவத்தில எங்கையும் போடேல்லை."

"எனக்குக் கதைக்க ஏலாது எண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும். கதைக்காட்டிலும் பரவாயில்லை. சும்மா இருங்கோ, நான் அதை எழுதுறன்."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு, விறாந்தையில் இரண்டு கதிரை போட்டாள். இங்கே சொல்வது வெளியே போகாது, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், கேட்பேன், அவ்வளவுதான் என்றாள். எனக்கு அப்படியான இடம் ஒன்றுதான் தெரியும், கோயிலில் சாமியாரிடம் பாவம் சொல்லும் இடம். கதிரையைத் திருப்பி, என் வாய் அவள் காதுப் பக்கம் வரும்படி வைத்து, குனிந்து இருந்துகொண்டு சிலுவை அடையாளம் போட்டேன். "பாவசங்கீர்த்தனம் செய்து மூண்டு மாசம்" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். "ஐயோ, நான் என்ன சாமியே? முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ."

"முகத்தைப் பார்த்தா எனக்கு வராது."

"சரி, அப்பிடியே இருங்கோ."

மணிக்கூட்டைப் பார்த்துப் பேனையை எடுத்தாள். எனக்கு இந்தக் குனிந்த இருப்பில் வேறு எதுவும் சொல்லிப் பழக்கம் இல்லை. சாமியாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவர் எங்கள் வள்ளத்தில்தான் தீவுக்கு வந்து போவார். என் குரல் அவருக்குத் தெரியும்.

"போன வருசம் தந்த கடிதத்தை நான் போடேல்லை" என்றேன்.

பேனை நின்றது. அவள் குறுக்கிடக்கூடாது என்பதுதானே கட்டளை. நான் தரையைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னேன். தபால் கந்தோர் வாசல் வரைக்கும் இரண்டு தரம் போனதும், துண்டு நனைந்த கதையைத் திரும்பி வரும் வழியில் கட்டியதும். "நீர் அதையும் படிச்சு முடிச்சா, என்னோட கதைக்க உமக்கு ஒண்டும் இராது எண்டு பயந்தனான். சனி ஞாயிறு வீட்டில தனிய இருக்கவும் பயம். நீர் சாப்பிடாமல் இருந்த நாளில சொல்ல வந்தனான். பிறகு சொல்லேல்லை."

பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கடிதம் எங்கை?" என்று கேட்டாள்.

"வலைச் சாக்குக்குள்ள கிடக்கு. உம்மட எழுத்து, கிழிக்க மனம் வரேல்லை."

"நேரம் முடிஞ்சுது" என்று எழும்பிக் குசினிக்குள் போனாள். மணிக்கூட்டில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் சாப்பாடு மேசையில் மூடியிருக்கும். அவள் இருக்க மாட்டாள். புதன்கிழமை காலை என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். "வாசியுங்கோ. சம்மதமெண்டா கையெழுத்து வையுங்கோ. இல்லாட்டி நான் அனுப்பமாட்டன்."

விரல் வைத்து மெல்ல மெல்ல வாசித்தேன். நான் சொன்னது எல்லாம் இருந்தது, கூட்டாமல், குறைக்காமல். கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'கேட்டுக்கொண்டிருந்த நான்தான் அந்த மனைவி. எழுந்து போக நினைத்தேன். இருந்து கேட்டேன். ஆனால் முழு நேரமும் இருக்கவில்லை.'

யாழ்ப்பாணத்தில் யாரோ படித்தவர்கள் இதை வாசிப்பார்கள் என்று நினைக்க எனக்குக் காது சூடாகியது. நான் கையெழுத்து வைக்காவிட்டால் இந்த வருடமும் போய்விடும். பேனையை வாங்கி, பள்ளிக்கூடத்தில் பழகின மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினேன்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு என்னோடு ஊர்காவற்றுறைக்கு வந்தாள். தபால் கந்தோருக்கு எதிரில் நிழலில் நின்றுகொண்டு கடித உறையை என்னிடம் நீட்டினாள்.

"நீர் உள்ளுக்கு வரேல்லையோ?"

"இல்லை. நீங்கள் போட்டிட்டு வாங்கோ."

உள்ளே நாலு பேர் நின்றார்கள். என் முறை வந்தது. "பதிவுத் தபால்" என்று இரண்டாம் தரம்தான் சரியாகச் சொன்னேன். தந்த துண்டை உள்ளங்கையில் விரித்தபடி வெளியே கொண்டுவந்தேன்.

அவள் வாங்கித் திகதியைப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"இண்டைக்குக் கடல் அமைதிபோல. துண்டு நனையேல்லை" என்றாள். ஞாயிறுக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் பகிடி. துண்டைக் கைப்பையில் வைத்து மூடிவிட்டு, வள்ளத்துக்கு எனக்கு முன்னால் நடந்தாள்.