ரோஜாவின் பின்பக்கம்

அத்தை போடும் எம்பிராய்டரியில் பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்கள் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவளைப் புகழ்வார்கள். தையல் மெஷினில் மேல்நூலை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சின்னத் திருகு உண்டு. எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பாள். அம்மாவுக்கும் அவள்தான் அதைப் பழக்கிக் கொடுத்திருந்தாள்.

ராயகிரியிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணின் கைவேலையைக் காட்ட வேண்டுமாம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வெளியாருக்குத் தைக்கக் கூடாது, மெஷினும் வரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு அது கௌரவமாகப் பட்டது.

"அண்ணே, எனக்கு இந்த எடம் வேண்டாம்" என்றாள் அத்தை.

"எல்லாப் பிள்ளையளும் மொதல்ல இப்படித்தான் சொல்லும்" என்று அம்மா சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் அத்தை ஒரு தலையணை உறையில் ரோஜாப்பூ போட உட்கார்ந்தாள். திருகை அவள் தளர்த்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"அத்தே, நூலு லூசாவுதே."

"ஆவட்டும்ட்டி. நீ போய் வெளையாடு."

புதுவிதப் பூ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேலே பார்க்கப் பூ அழகாகத்தான் இருந்தது. அப்பா தலையாட்டிவிட்டுப் போனார். அம்மாதான் திருப்பிப் பார்த்தாள். அடியில் நூல் சுருள் சுருளாகத் தொங்கியது.

மறுநாள் காலையில் அத்தை கோயிலுக்குப் போன நேரம் அம்மா திருகை இறுக்கினாள். வேறொரு உறையில் அதே ரோஜாவைப் போட்டுத் தட்டில் வைத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா உறையை வாங்கியதுமே திருப்பினாள். "பொறுமையான பிள்ளதான். நமக்குச் சரிப்பட்டு வரும்."

அத்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன மதினி செஞ்சிய?" என்று அத்தை அடுக்களையில் கேட்டாள்.

"மெஷின்ல நூல் டென்ஷன் லூசா கெடந்துச்சுட்டி. பதட்டத்துல நீ கவனிக்கல. நல்லவேள, நான் பாத்தேன்."

அத்தை தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "ஆமா மதினி, கவனிக்கல" என்றாள்.

கல்யாணம் முடிந்து கார் ஏறும்முன் என்னைத் தனியாக அழைத்தாள். "நான் திருகைத் தளத்துனத நீ பாத்தேல்லா? யாருட்டயும் சொல்லிராத மக்கா. ஒங்கம்மாட்ட சொல்லவே கூடாது."

வேலை கெட்டது வெளியே தெரிந்தால் அவமானம் என்று நினைக்கிறாள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். சொல்லவும் இல்லை. நாத்தனார் கல்யாணம் நின்றுபோகாமல் தான் காப்பாற்றிய கதையை அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடவே சிரிப்பேன்.