பாண்டீஸ்வரி வாடகைக்கு விடும் கட்டில்

பாண்டீஸ்வரிக்கு வாய் அதிகம். அவள் கட்டில்களை என் லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்குகிற எனக்குத் தெரியாதா? கயிறு தளர்ந்தால் திட்டு, வேகமாகப் போனால் திட்டு. ஆனாலும் காரைக்குடியில் அவளைப் போல இன்னொருத்தியைக் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன்.

கட்டட வேலைக்குப் போனவள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். எழுந்து நடமாடியதும் நோயாளிக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி என்று ஒவ்வொன்றாக வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தாள். கட்டிலை இறக்கியதும், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரைத்தான் முதலில் அதில் படுக்கச் சொல்வாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவள் அதை வீடு வீடாக வரவழைத்துக்கொண்டிருந்தாள். இது என்ன கூத்து என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

போன மாதம் கண்டனூரில் ஒரு வீடு. முத்தப்பன் என்ற பெரியவருக்குப் பக்கவாதம். மனைவி நாகம்மை ஆச்சிதான் பார்த்துக்கொள்கிறார். கஞ்சியைக் குழைவாக ஊட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியவரோ ஒரு வாய்க்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டார். இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"என் மேல என்ன கோவமோ, வாயத் தெறக்க மாட்டேங்கிறாக" என்று ஆச்சி அழுதார்.

தலையை அசைத்தால் மறுபடி வாதம் அடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதை நம்பி, மனிதரை மல்லாக்கப் படுக்கவைத்தே ஊட்டியிருக்கிறார்.

பாண்டீஸ்வரி வழக்கம்போலப் படுக்கச் சொன்னாள். ஆச்சி நடுங்கிவிட்டார். நோயாளிக் கட்டிலில் சுமங்கலி படுக்கலாமா, ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுத்தொலை என்று கண்ணைக் காட்டினேன். அவள் அசையவில்லை.

"நானும் இப்படிக் கெடந்து எந்திரிச்சவதான் ஆச்சி. ஒண்ணும் ஆகாது, படுங்க."

ஆச்சி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படுத்தார். பாண்டீஸ்வரி ஒரு கரண்டித் தண்ணீரை அவர் வாயில் விட்டாள். புரையேறி, ஆச்சி பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"அவுகளுக்குக் கோவம் இல்ல ஆச்சி, பயம். உங்கள மாதிரி எந்திரிச்சு உக்கார முடியாதுல்ல."

ஆச்சி கட்டிலை விட்டு இறங்கினார்.

மூவருமாக முத்தப்பனைத் தூக்கிக் கட்டிலுக்கு மாற்றினோம். பாண்டீஸ்வரி கைப்பிடியைச் சுற்ற, தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தது. இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். சின்னக் கரண்டியாக எடுக்கணும், விழுங்கின பிறகுதான் அடுத்தது, சாப்பிட்டதும் படுக்கவைத்துவிடக் கூடாது என்று அதட்டலாகவே சொன்னாள். அவளுக்கு இதமாகப் பேச வராது. ஆனால் அன்றைக்கு அந்த அதட்டலைக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆச்சி முதல் கரண்டியை ஊட்டினார். முத்தப்பன் விழுங்கினார். இருமல் வரவில்லை. ஆச்சிக்கு அழுகை பொங்கிவிட்டது. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

முத்தப்பன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.