பூண்டு வாடை அடித்த நல்லெண்ணெய்

என் நாத்தனார் சும்மா எதையும் தருகிறவள் அல்ல. அரியாங்குப்பத்திலிருந்து அவள் வந்து, என் கைக்குழந்தைக்கென்று ஒரு டின் நல்லெண்ணெய் வைத்துவிட்டுப் போனபோதே எனக்குச் சுருக்கென்றது. பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது; நாங்கள் புதுச்சேரியில் மில்லுக்குப் பக்கத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம்.

டின் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. மூடியைத் திறந்தால் எள் வாசனையோடு பூண்டு வாடையும் அடித்தது.

"பூண்டு போட்டுக் காய்ச்சின மிச்சத்தை நம்ம தலையில கட்டிட்டாங்க உங்க அக்கா" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எங்க அக்கா எது குடுத்தாலும் உனக்கு நொட்டைதான்."

"புள்ளைக்கு இதைத் தேய்க்க மாட்டேன். அவ்ளோதான்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சனிக்கிழமை, ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார். "பாருடி, எனக்கு என்ன ஆயிடிச்சு?" என்று கேலி வேறு.

நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தபோது வாந்தி எடுத்தார். வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பெல்லாம் வேர்வை. கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது. ஐயோ, பாவி என்னத்தைக் கலந்தாளோ! ரிக்‌ஷாவில் அவரை ஏற்றி, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டின்னையும் விடவில்லை, சாட்சி வேண்டுமே.

டாக்டர் டின்னை முகர்ந்தார். உடனே வீட்டுக்காரர் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஊசி போட்டார்.

"பயிர்ல பூச்சிக்கு அடிக்கிற மருந்து வந்த டின்னும்மா இது. அந்த மருந்துக்குத்தான் இந்தப் பூண்டு வாடை. தோல் வழியாவே உள்ள போயிடும். குழந்தைக்குத் தேய்ச்சிருந்தா..." குழந்தையை டின்னிடமிருந்து விலக்கி மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் வீட்டுக்காரர் கண் திறந்தார். சேதி கேட்டு நாத்தனாரும் ஓடி வந்தாள். நான் விடவில்லை.

"உங்க புள்ளைங்களுக்கு எந்த டின்னுல வச்சு எண்ணெய் தேய்க்கிறீங்க அண்ணி?"

"எங்களுக்கு ஏதும்மா டின்னு? பழைய ஜாடிதான். வயலுக்கு மருந்து வந்த டின்னு புதுசா இருந்துச்சு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய் தேய்ன்னு தேய்ச்சேன். நல்லது உன் புள்ளைக்குப் போவட்டும்னு..." முடிக்க முடியாமல் அழுதாள்.

அவளை நம்பினேன். எனக்கும் அழுகை வந்தது.

குழந்தை பசியில் கத்தியது. அவள் பித்தளைத் தூக்கில் கொண்டுவந்திருந்த பாலை வாங்கினேன். மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் ஊற்றினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.