சுத்தமான காற்றுக்கு நான் போட்ட கையெழுத்து

தலைமுடியைவிட மெல்லிய தூசியையும் லேசரால் கண்டுபிடிக்கிற வேதியியல் பேராசிரியர் நான். கந்தப்பளைத் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற என் தங்கச்சிக்கு ஓயாத இருமல். தூசி இருப்பதை நிரூபித்தால் அதை உறிஞ்சும் விசிறி பூட்டுவார்கள் என்று கருவியோடு போனேன். அன்று பார்த்து அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பியிருந்தார்கள். தொழிற்சாலையை நடத்தும் அதிகாரியான டீமேக்கர் என் பள்ளித்தோழன். சலிக்கும் மெஷினை ஓடவிட்டு, எனக்குத் தேத்தண்ணியும் தந்தான். காற்று சுத்தம் என்றது கருவி. நானும் அப்படியே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அன்னைக்கு வெறும் மெஷினத்தான் ஓட்டுனாங்களாம்ணே, தூளே போடலையாம்," என்றாள் தங்கச்சி பிறகு. நான்தான் கருவியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையே.

தோழனிடம் கேட்டேன். "காத்த அளக்கத்தானேடா வந்த? அளந்துட்டியே," என்றான்.

விசிறி வரவில்லை. என் அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சலிக்கும் அறையில் மாட்டியிருக்கிறார்கள்.

"அந்தக் கண்ணாடிய தெனமும் நான்தான் தொடைக்கிறேன்ணே," என்றாள் தங்கச்சி, இருமிக்கொண்டே. "இல்லாட்டி சாயங்காலத்துக்குள்ள ஒங்க பேரே தெரியாது."