பலா மரக் கால்

எனக்கு உட்காரத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இலையில் சோறு விழும் நேரத்தில் எழுந்து கை கழுவப் போவேன், திரும்பி வந்து உட்கார்ந்ததும் உப்பு எடுக்க எழுவேன். அப்படிப்பட்டவனை ஒரு கவ்வாத்துக் கத்தி ஐந்து மாதம் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக்குள் உட்கார வைத்தது.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டிவிடுவதைத்தான் கவ்வாத்து என்போம். ஆண்கள் வேலை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது, மழை ஈரத்தில் பிடி வழுக்கிக் கத்தி என் வலது காலில் இறங்கியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போனேன். ரோஷம். நாலாம் நாள் கால் கறுத்துவிட்டது. கம்பளியில் தூளி கட்டிப் பசறை வரை ஆட்கள் தூக்கிவந்தார்கள், அங்கிருந்து மாட்டு வண்டி. பதுளைக்கு ரயில் வராத காலம் அது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

திரும்பி வந்ததும் ஆரம்பித்தது அவஸ்தை. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்கும். லயமே எழுந்து பெரட்டுக் களத்துக்கு ஓடும். அங்கேதான் பேர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். நான் பாயில் கிடந்தபடி ஒவ்வொரு பேராகக் கேட்பேன். என் பேர் வரும் இடத்தைத் தாண்டி அடுத்த பேருக்குப் போய்விடுவார் கங்காணி. பிறகு பொழுது முழுக்கக் கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணுவேன். எண்ணி முடித்தால் கோபம் வரும். கோபத்தைக் கொட்டுவதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

என் பெண்சாதி கொழுந்து எடுப்பவள். மலைக்குப் போகுமுன் என்னை முதுகில் சுமந்து காலைக்கடனுக்கு ஆற்றோரம் கொண்டுபோய் விடுவாள், மறுபடி சுமந்துவந்து சேர்ப்பாள். லயத்து ஆட்கள் பார்ப்பார்கள். அவர்களை ஒன்றும் சொல்ல முடியாததால் அவளைத் திட்டுவேன். மெதுவாகப் போனால் ஏன் ஊர்கிறாய் என்பேன், வேகமாகப் போனால் என்னைக் கீழே போடப் பார்க்கிறாயா என்பேன். அவள் பதில் பேசமாட்டாள். அதற்கும் திட்டினேன்.

ஒருநாள் கங்காணி வாசலில் நின்று துரையின் முடிவைச் சொன்னார். மேல்மலைக் கவ்வாத்து வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. புதன்கிழமைக்குள் ஒரு நாளாவது முழு ஆள் வேலையை நான் செய்து காட்டினால் பேர் இருக்கும். இல்லாவிட்டால் பேரை வெட்டிவிட்டு இரண்டு பேரையும் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, கப்பல் ஏற்றிவிடுவார்கள். புருஷன் போனால் பெண்சாதியும் போக வேண்டியதுதான். அக்கரையில் எங்களுக்கு யாரும் இல்லை. என் அப்பனையும் ஆத்தாளையும் புதைத்தது இந்த மலையில்தான். கங்காணி கெட்டவர் அல்ல. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்தார்.

பதுளை ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு கிழவரைப் பார்த்திருந்தேன். முழங்காலை மடித்து ஒரு மரக் கிண்ணத்தில் ஊன்றி, கிண்ணத்துக்குக் கீழே ஒரு கட்டையோடு நடந்தார். மடித்த கால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு வார் தொடையைப் பிடித்திருக்கும். அவ்வளவுதான் சூத்திரம். ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கும் சிங்களத் தச்சரிடம், பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், தரையில் கரியால் படம் போட்டுக் காட்டினேன். நல்ல மனுசன். பலா மரத்தில் கட்டை கடைந்து, கிண்ணத்தில் பழைய கம்பளியைத் திணித்து, ஓடித் தேய்ந்த இயந்திரப் பட்டையில் வார் வெட்டிக் கொடுத்தார். சனிக்கிழமை பகலில் எழுந்து நின்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு மற்றவர்களின் கண் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன். ஃபாக்டரித் தரை சமம், மலை சமமில்லை என்று என் மண்டைக்குள் ஒன்று அரிக்கத் தொடங்கியது. மேல்மலையில் தேயிலைச் செடி நிரைகள் குறுக்காக ஓடும். ரோட்டுப் பக்கமிருந்து நிரை பிடித்துப் போனால் மலை நம் வலது கைப்பக்கம் இருக்கும். வலது கால் மேட்டில், இடது கால் பள்ளத்தில். அப்படியானால் வலது கட்டை குட்டையாக இருக்க வேண்டாமா? மூன்று விரற்கடை வெட்டச் சொன்னேன். பாஸ் தயங்கினார், இரண்டு காலும் சமமாக இருப்பதுதான் நல்லது என்றார். மலையைப் பற்றி எனக்கே பாடமா என்று மரம் அறுக்கும் வாளை நானே எடுக்கப் போனேன். அவர் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

ஃபாக்டரியிலிருந்து லயத்துக்கு வரும் பாதையிலும் மலை வலது பக்கம்தான். பஞ்சாகப் பறந்து வந்தேன். வாசலில் நின்ற பெண்சாதியிடம் கட்டையைத் தட்டிக் காட்டிப் பெருமை அடித்தேன். அவள் கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போறப்ப சரிங்க. நெரை முடிஞ்சு திரும்பி வர்றப்ப?"

"பேசாம போ. கவ்வாத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

அவள் போய்விட்டாள். அவள் என்ன கேட்டாள் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் நிரையில் எல்லாருக்கும் முன்னால் போனேன். கத்தி பாடியது. நிரை முடிந்து திரும்பி அடுத்த நிரையைப் பிடித்ததும் மலை இடது பக்கம் வந்துவிட்டது. குட்டைக் கட்டை பள்ளத்துப் பக்கம். இரண்டாவது செடியிலேயே உருண்டு, நிரை முடிவில் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தேன். அப்போதுதான் அவள் கேட்டது காதில் விழுந்தது. பிறந்ததிலிருந்து மலையில் நடந்தவன், போன நிரை திரும்பி வரும் என்பதை மறந்திருக்கிறேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். நிரை முடிந்ததும் வெறுங்கையோடு ரோட்டுப் பக்கம் திரும்பி வந்து, மறுபடி அங்கிருந்தே அடுத்த நிரையைப் பிடித்தேன். பாதிப் பொழுது நடையிலேயே போய்விட்டது, பாதி வேலைதான் தேறியது. புதன்கிழமை, திரும்பும் நிரையிலும் மலை வலது பக்கமே இருக்கட்டும் என்று, பின்பக்கமாக நடந்து வெட்டிப் பார்த்தேன். பக்கத்து நிரைக்காரர்கள் கத்தியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பத்துச் செடி தாண்டவில்லை, அதே கானுக்குப் பக்கத்தில் மல்லாந்து விழுந்தேன். கங்காணி வந்து நின்றார். வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். கப்பலும், துறைமுகமும், பேர் தெரியாத ஒரு ஊரும் கண்ணுக்குள் வந்தன.

பெண்சாதி அடுத்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் விழுந்ததைப் பார்த்துக் கூடையோடு இறங்கி வந்தாள். என்னைத் தூக்கவில்லை. நேரே கானுக்குள் இறங்கி, செடி மறைவில் கையை விட்டு ஒரு கட்டையை எடுத்தாள். என் கட்டையைப் போலவே கிண்ணமும் வாரும் வைத்தது. ஆனால் நெட்டை. பள்ளத்துப் பக்கம் ஊன்றுவதற்கு அளவானது. ஞாயிற்றுக்கிழமையே பாஸின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவைத்து, திங்கட்கிழமை பொழுது சாயும் நேரம் விறகு பொறுக்க வந்த சாக்கில் அங்கே ஒளித்து வைத்திருக்கிறாள். நான் விழுந்து எழுந்த இடத்திலிருந்து ஒரு கை நீளத்தில் அது இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறது.

எனக்குத் தலைக்கேறியது. கங்காணி நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன்.

"கட்டைய வச்சுக்கிட்டா நான் உருள்றதப் பாத்துக்கிட்டு இருந்த?"

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள். "இன்னைக்குத்தான் கடைசி நாளு. அதான் கேக்காமயே எடுத்தேன்."

குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. ஐந்து மாதம் என்னைச் சுமந்தபோது ஒருநாளும் காட்டாத களைப்பு. நெட்டைக் கட்டையை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் நிரைக்கு ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஒரு கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு, மற்றொன்றைக் கயிற்றில் கோத்து முதுகில் தொங்கவிட்டபடி வெட்டினேன். ரோட்டிலிருந்து போகும்போது குட்டை, திரும்பும்போது நெட்டை. நிரை முடிவுக்கு முடிவு உட்கார்ந்து வாரை அவிழ்த்து மாற்ற வேண்டும். மூணு கால் மாமா என்று சிரித்தார்கள், சிரிக்கட்டும். பொழுது இறங்குவதற்குள் முழு ஆள் வேலை முடிந்தது. கங்காணி ஒவ்வொரு செடியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, பேர் இருக்கும் என்று சொல்லிப் போனார். முழங்கால் புண்ணாகிவிட்டிருந்தது. அவள் எண்ணெய் தடவினாள். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல நினைத்து, எண்ணெய் போதும் என்று மட்டும் சொன்னேன். நல்ல மனுசனுக்கு அந்த வார்த்தை எளிதாக வந்திருக்கும்.

வியாழக்கிழமை பெரட்டில் என் பேர் வந்தது. இருக்கேன் என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இன்று உனக்கு எந்த நிரை வேண்டும், கீழேயா மேலேயா, நீயே பார்த்துச் சொல் என்றார் கங்காணி. கீழே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விழுங்கிக்கொண்டேன். திரும்பி, பெண்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தேன்.

"நீ சொல்லு புள்ள. எந்த நெரை புடிக்கட்டும்?"

களம் முழுக்கச் சிரித்தது. பெண்சாதியைக் கேட்டு நிரை பிடிக்கிற ஆம்பிளையை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் காது சுட்டது, ஆனாலும் இருந்த இடத்திலேயே நின்றேன். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள். இடுப்பில் சுற்றிய படங்கை இழுத்துக் கட்டினாள். மலையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பதில் சொல்ல அவள் அவசரப்படவில்லை. நான் காத்திருந்தேன்.