கண்ணாடிக்கு அடித்த சுண்ணாம்பு

இன்று காலை அலுவலக ஜன்னலில் ஒரு புறா மோதியது. அந்தச் சத்தத்தில் 2004 மே மாதத்துக்குப் போய்விட்டேன். எனக்கு ஒன்பது வயது. சாரம் என்ற பகுதியில் இருந்த எங்கள் புது வீட்டு மாடியில் அப்பா பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார். அதில் தெரிந்த வேப்பமரத்தை நிஜமென்று நம்பி இரண்டு மைனாக்கள் மோதிச் செத்தன. திறந்த மாடிப் பக்கம் நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். பிறகு எதுவும் மோதவில்லை.

பாரிஸிலிருந்து அத்தை வந்த அன்று அப்பா ஈரத்துணியை நீட்டினார்.

"தொடைடீ. அத்தை பாத்தா மாட்டுக்கொட்டாயான்னு சிரிக்கும்."

"மறுபடியும் மோதும்ப்பா. அத்தை போனதும் தொடைக்கிறேம்ப்பா."

"அத்தை பாக்கணும்னுதான இந்தக் கண்ணாடிய வச்சேன்? தொடை."

அழுதுகொண்டே துடைத்தேன். வேப்பமரம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கார் சத்தம் கேட்டு எல்லோரும் கீழே ஓடினார்கள். நான் கண்ணாடிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். என் தலைக்கு மேலே, கை எட்டாத இடத்தில், அடுத்த மைனா மோதியது.