கடைசிப் பட்டன்

டெமோ காட்டிப் பிழைக்கும் என் சக பாவிகளே, நம் தொண்டை வற்றுவதற்கும் சரக்கு நகர்வதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? அம்பத்தூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நான் விற்க நின்றது, கையில் அடங்கும் ஒரு கருவி. டார்ச், ரேடியோ, அலாரம், கால்குலேட்டர் எல்லாம் அதில் உண்டு. அச்சடித்த தமிழின் மேல் பிடித்துக் கடைசிப் பட்டனை அழுத்தினால் வாய்விட்டுப் படிக்கும். ஆனால் அட்டையில் இருக்கும் வரிசைப்படிதான் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி சட்டம்.

டார்ச் வரைக்கும்

பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். டார்ச்சை எரியவிட்டு ரேடியோவுக்கு வந்தேன், அலாரத்துக்குப் போனேன். அதற்குள் அவர் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "இன்னா அண்ணாத்தே, இது டார்ச்சா, ரேடியோவா? எதுனா ஒண்ணு சொல்லு, வாங்கிகினு போறேன்."

வரிசை மாறியபோது

மறுநாள் படிக்கும் பட்டனிலிருந்து தொடங்கினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு என்னை ஓரமாக இழுத்துப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னார்: "டார்ச்சுக்குத்தான்யா கூட்டம் நிக்கும். படிச்சுக் காட்ட எவன் கேட்டான்?"

ஆவடிப் பெரியவர்

ஒரு பெரியவர் கேட்டார். மகனோடு ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்தவர். கண் நரம்பு கெட்டுப் பார்வை போய்க்கொண்டிருந்தது. படுக்கையில் இருக்கும் மனைவிக்கு எழுத்து தெரியாது. தினமும் காலையில் இவர்தான் பேப்பர் படித்துச் சொல்வாராம். என் ஒப்பிப்பு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கருவி ஒரு செய்தியைப் படித்ததும் அதை வாங்கி, கடைசிப் பட்டனை விரலால் தேடித் தேடி அழுத்தினார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மகன் அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தான். "அதெல்லாம் போன்லயே கீது நைனா. நான் போட்டுத் தர்றேன்."

திரும்பி வந்தவர்

விற்காத சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. சில மாதம் கழித்து அதே கவுன்டரில் கழுத்து மசாஜ் மிஷின் விற்றுக்கொண்டிருந்தேன். மகனின் தோளைப் பிடித்தபடி பெரியவர் வந்தார். பார்வை முழுக்கப் போயிருந்தது. போன் கண்ணாடி வழுவழுவென்று இருப்பதால் எங்கே தொடுவது என்று தெரியவில்லையாம். அந்தக் கருவியைக் கேட்டார். இனி வராது என்றேன். மகன் தலை குனிந்துகொண்டான். பெரியவர் கவுன்டர் மேல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "அந்தப் பட்டன் எங்க கீதுன்னு விரலுக்கு இன்னும் ஞாபகம் கீது தம்பி. பேப்பரும் தினம் வருது. நிறுத்த வேணாங்கிறா வீட்டுக்காரி."

எல்லா வேலையும் செய்யும் கருவியை எல்லோருக்கும் விற்கப் பார்த்த நாங்கள், ஒரே ஒரு வேலைக்காக அதைத் தேடி வந்த ஒரே ஆளை வெறுங்கையோடு அனுப்பிவைத்தோம்.